பினாங்கில் பீ பிரெட் வாங்கிச் சாப்பிடத் தொடங்குகிறவர்களுக்கு

தேனீ ரொட்டி, கடையில் ‘பீ பிரெட்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், இப்போது பினாங்கில் பார்மசியிலும் கிடைக்கிறது, பாசார் தானி என்கிற உழவர் சந்தையிலும் கிடைக்கிறது, முகநூல் நேரலையிலும் கூவிக் கூவி விற்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று தெரியாமல் குளிர்பெட்டியில் அப்படியே விட்டுவிட்டவர்கள் என் சொந்தத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒரு சாப்பாட்டுப் பொருள், நல்ல சாப்பாட்டுப் பொருள், ஆனால் எந்த வியாதிக்கும் இது மருந்தில்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

முதல் படி: பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேனீ பூவிலிருந்து மகரந்தத்தைப் பின்னங்கால்களில் உருட்டிக் கொண்டுவருகிறது. கூட்டில் இருக்கிற தேனீக்கள் அதோடு கொஞ்சம் தேனும் தங்கள் வாய்ச்சுரப்பும் சேர்த்து அறைக்குள் அழுத்தி அடைத்துவிடுகின்றன. உள்ளே லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி அதைப் புளிக்கவைக்கிறது. நம் வீட்டில் இட்லி மாவு ராத்திரியில் புளிப்பதும் கிட்டத்தட்ட இதே வகை வேலைதான், அதனால் பாட்டிலைத் திறந்ததும் ஒரு புளிப்பு வாடை வந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் புளிப்புத்தான் மகரந்தத்தைக் கெடாமல் காக்கிறது. இளம் வேலைக்காரத் தேனீக்கள் இதைத்தான் தின்கின்றன, தின்றுவிட்டுத் தலையில் இருக்கிற சுரப்பியிலிருந்து பால்போல ஒன்றைச் சுரந்து புழுக்களுக்கு ஊட்டுகின்றன. அந்தச் சுரப்புத்தான் ராயல் ஜெல்லி.

ஆகவே ராயல் ஜெல்லி வேறு, பீ பிரெட் வேறு. பீ போலன் என்று மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சின்னச் சின்ன உருண்டைகளாக விற்பது இன்னொன்று: கூட்டு வாசலில் வலை வைத்துத் தேனீயின் காலிலிருந்து உதிர்த்து எடுத்துக் காயவைத்த மகரந்தம் அது, கூட்டுக்குள் போய்ப் புளிக்கவே இல்லை. புரோபோலிஸ் என்பது மரப்பிசின் கலவை. நான்கையும் ஒரே மேசையில் அடுக்கிவைத்து ‘எல்லாம் ஒன்றுதான் அக்கா’ என்று சொல்கிற ஆளிடம் வாங்காதீர்கள். தெரியாமல் சொல்கிறாரோ தெரிந்தே சொல்கிறாரோ, நமக்கு இரண்டுமே சரிப்படாது.

நம்மூரில் கிடைக்கிற பீ பிரெட் இரண்டு வகை. ஒன்று பெரிய தேனீயினுடையது, ஐரோப்பியத் தேனீ என்று சொல்கிற ஏப்பிஸ் மெலிஃபெரா. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி வருவது. அறுகோணக் குச்சித் துண்டுகள் மாதிரி இருக்கும். ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பழுப்பு, மஞ்சள், கொஞ்சம் பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரியும், ஒவ்வொரு அடுக்கும் தேனீ வேறு வேறு பூவிலிருந்து கொண்டுவந்தது. இன்னொன்று நம் நாட்டுச் சரக்கு, கெலுலுட். தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்பார்களே, கொட்டாத சின்னத் தேனீ, அந்தக் குடும்பம். இங்கே அதிகம் வளர்ப்பது ஹெட்டெரோட்ரைகோனா இட்டாமா, அதற்கு அடுத்து ஜெனியோட்ரைகோனா தொராசிகா.

முடிந்தால் ஒரு தடவை பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் போய், டுரியான் தோட்டங்களுக்கு நடுவே கெலுலுட் வளர்க்கிற யாரிடமாவது கூட்டைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். மரத்துண்டின் மேல் ஒரு மரப்பெட்டி உட்கார்ந்திருக்கும், டாப்பிங் என்பார்கள். மூடியைத் தூக்கினால் அறுகோண அறை ஒன்றுகூட இருக்காது. மெழுகும் பிசினும் கலந்து கட்டிய பழுப்புநிறச் சின்னப் பானைகள், திராட்சை அளவில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குவிந்திருக்கும். சில பானையில் தேன், சிலவற்றில் மகரந்தம், வெளியிலிருந்து பார்த்தால் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு பானையைக் குச்சியால் கிழித்தால் உள்ளே பிசைந்த மாவாக மஞ்சளோ ஆரஞ்சோ பளிச்சென்று தெரியும். அதில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தால் முதலில் நல்ல புளிப்பு, அப்புறம் மாவுத்தன்மை, கடைசியில் லேசான கசப்பு. இந்தச் சுவையை ஒரு தடவை தெரிந்துகொண்டால், சர்க்கரைப்பாகில் நிறம் கலந்து விற்பதை அடுத்த தடவை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே உண்டு. பெரிய தேனீயின் அடையில் புழு வளர்கிற அறைகளும் பீ பிரெட் அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எடுக்கும்போது புழுவும் சேர்ந்து வந்துவிட வாய்ப்புண்டு. கெலுலுட் கூட்டில் மகரந்தப் பானைகள் புழு வளர்கிற இடத்தை விட்டுத் தள்ளி இருப்பதால் சுத்தமாக எடுக்க முடியும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ வாங்குகிறீர்கள், புரட்டாசி விரதமும் இருக்கிறார்கள் என்றால் விற்பவரிடம் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: காசு கொடுப்பதற்கு முன்னால், உங்களுக்கு ஆகுமா என்று பாருங்கள்

நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மகரந்தம் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடிய பொருள். ஆஸ்துமா இருக்கிறவர்கள், தேன் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்கிறவர்கள், தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்துப்போன அனுபவம் உள்ளவர்கள், மகரந்தம் பட்டால் அடுக்குத் தும்மல் போடுகிறவர்கள், இவர்கள் யாரும் ‘கொஞ்சமா எடுத்துப் பார்க்கலாமே’ என்று வீட்டில் சோதனை செய்ய வேண்டாம். மகரந்தம் சாப்பிட்டு மூச்சு அடைக்கிற அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வாய்க்குள் போக வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் நில்லுங்கள். வார்ஃபரினோடு பீ போலன் சேர்த்துச் சாப்பிட்ட ஒருவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐஎன்ஆர் அளவு கூடிப்போனதாகப் பதிவு உண்டு. பீ பிரெட்டும் அதே மகரந்தம்தானே. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் இது பத்திரமானது என்று சொல்லப் போதுமான ஆய்வு இல்லை, அதனால் அந்த நாட்களில் விட்டுவிடுவதே நல்லது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எப்படிக் கூடாதோ அப்படியே இதுவும் கூடாது, நாக்கில் தடவுவதுகூடக் கூடாது. பாட்டுலிசம் என்கிற நச்சு நோய்க்குக் காரணமான கிருமியின் வித்து தேனில் இருக்கலாம், அந்த வயதுக் குடலுக்கு அதைத் தடுக்கிற சக்தி கிடையாது.

அடுத்தது நீரிழிவு, நம் ஆட்கள் இனிப்புநீர் என்று சொல்வது. இந்த நாட்டில் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். என் பெரியம்மாவிடம் ஒருவர் ‘இதைச் சாப்பிடுங்கம்மா, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்’ என்று சொல்லியிருக்கிறார். அவரும் மெட்ஃபார்மினை ஓரமாக வைத்துவிட்டு பாட்டிலில் இருந்த பீ பிரெட்டைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டிருக்கிறார். அது தேனில் குழைத்த பீ பிரெட். பாதிக்கு மேல் தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. டாக்டர் கேட்டபோதுதான் மருந்தை நிறுத்திய கதையே வெளியே வந்தது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பீ பிரெட்டுக்காக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், பாதியாகவும் குறைக்காதீர்கள், ஒரு நாளுக்குக்கூட.

சரி, அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது

புரதம் இருக்கிறது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, பூவைப் பொறுத்துக் கூடும் குறையும். மாவுச்சத்தும் சர்க்கரையும், கொஞ்சம் கொழுப்பு, தாது உப்புகள், பி வகை விட்டமின்கள், பூவிலிருந்து வருகிற ஃபிளேவனாய்டுகள், பீனாலிக் சேர்மங்கள். புளிக்கும்போது மகரந்தத்தின் சத்துகளில் சில எளிதாகச் செரிக்கிற வடிவத்துக்கு மாறுகின்றன. மகரந்தத் துகளின் வெளித்தோல் ரொம்பக் கெட்டி, ஸ்போரோபோலெனின் என்று பெயர், புளித்த பிறகும் அது முழுதாக உடைந்துவிடாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் அதில் புரதம் 1 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. புரதத்துக்காக வாங்குகிறேன் என்றால் முட்டையும் பருப்பும் சுண்டலும் எவ்வளவோ மலிவு. பீ பிரெட்டின் சிறப்பு, பல பூக்களின் சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதும் புளித்த உணவாக இருப்பதும்தான், அதுவும் நாம் சாப்பிடுகிற சின்ன அளவுக்குத் தகுந்த மாதிரி. நம் யுஎஸ்எம் ஆய்வாளர்கள் கெலுலுட் பீ பிரெட்டைப் பருமனாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல மாற்றங்கள் தெரிந்ததாகக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே ஆர்வம் உண்டு, இந்த மண்ணின் தேனீயைப் பற்றி இந்த நாட்டுப் பல்கலைக்கழகமே ஆராய்கிறது என்பது பெரிய விஷயம். ஆனாலும் எலி எலிதான். மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு, அவையும் சிறியவை. எலி ஆய்வைக் காட்டி ‘இருதய அடைப்பு கரையும்’ என்று விற்றால் அது அநியாயம்.

மூன்றாம் படி: வாங்குவது

வாங்க இரண்டு வழி நல்லது. ஒன்று, வளர்க்கிறவரிடமே போய் வாங்குவது. இன்னொன்று, லேபிள் ஒழுங்காக உள்ள பொருளைப் பார்மசியில் வாங்குவது. வளர்க்கிறவரிடம் வாங்கினால் எந்தத் தேனீ, எப்போது எடுத்தது, ஈரமாகவா காயவைத்தா, தேன் கலந்ததா, கலந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். பானையில் இருக்கிற மகரந்தம் முழுவதையும் எடுத்துவிடுவீர்களா என்றும் கேளுங்கள். அந்தக் கூட்டுக் குஞ்சுகளின் சாப்பாடு அது, எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் கூடு மெலிந்துவிடும். நல்ல வளர்ப்பாளர் ‘பாதிக்கு மேல் தொடமாட்டேன்’ என்கிற மாதிரி ஏதாவது ஒரு கணக்குச் சொல்வார். பூச்சிமருந்து அடிக்கிற தோட்டம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பதிலும் தப்பில்லை, மகரந்தத்தில் அது தங்கும்.

கடையில் வாங்கினால் லேபிளில் பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி, எந்த நாடு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மலாயில் ‘ரோத்தி லெபா’ என்று போட்டிருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் தேன் இருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் தேன்தான், விலையையும் அப்படியே எடை போடுங்கள். எப்போதும் 100 கிராமுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்குப் பார்த்து ஒப்பிடுங்கள், பாட்டில் சைஸைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

‘கேகேஎம் லுலுஸ்’, அதாவது சுகாதார அமைச்சு அனுமதித்தது என்று சொல்லி விற்கிறார்களே, அதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண உணவுப் பொருளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுகாதார அமைச்சு அனுமதி முத்திரை குத்திக்கொண்டிருப்பதில்லை. உணவு தயாரிக்கிற இடம் சுத்தமாக நடக்கிறது என்பதற்கு மெஸ்தி என்கிற சான்றிதழ் உண்டு, அந்தச் சின்னம் இருந்தால் நல்லது. மாத்திரை, கேப்சூல் என்று சுகாதாரத் துணைப்பொருளாகவோ பாரம்பரிய மருந்தாகவோ பதிவானது என்றால் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். எண்ணின் கடைசியில் ‘N’ என்ற ஆங்கில எழுத்து வந்தால் துணைப்பொருள், ‘T’ வந்தால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்கிற அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏவின் (NPRA) இணையத்தளத்தில் போட்டுத் தேடினால் அதே பெயர், அதே நிறுவனம் வர வேண்டும். வேறு பொருளின் பெயர் வந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடை செய்கிறது. ஆகவே அப்படிச் சொல்கிற விளம்பரத்தைப் பார்த்தால் சட்டத்தை மதிக்காதவர் என்று அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம், மற்றதை ஆராய வேண்டியதில்லை. இன்னொரு எச்சரிக்கை. சாப்பிட்ட அன்றைக்கே மூட்டுவலி பறந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் ஆண்மை கூடிவிட்டது என்றால் அது தேனீயின் வேலை இல்லை. ‘இயற்கை’ என்று விற்ற பொருள்களில் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டும் சில்டெனாஃபிலும் கலந்திருப்பதை அமைச்சின் பரிசோதனைகள் பல தடவை கண்டுபிடித்திருக்கின்றன. உடனே வேலை செய்கிற இயற்கைப் பொருளைச் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி: முதல் வாரம்

ஒவ்வாமைக்குக் காரணம் எதுவும் இல்லாத பெரியவர் என்றால் இப்படித் தொடங்குங்கள். முதல் நாள் நாலைந்து துகள், அல்லது பட்டாணியில் பாதி அளவு. பகலில், பசியாறின பிறகு, வீட்டில் வேறு யாராவது இருக்கும்போது. நாக்கில் வைத்து மெதுவாகக் கரையவிடுங்கள். ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் முதல் தடவையாகச் சாப்பிடாதீர்கள், தூக்கத்தில் ஏதாவது வந்தால் தெரியாது. வாயோ தொண்டையோ அரித்தால், உதடு வீங்கினால், தோலில் தடிப்பு வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், இனி உங்களுக்கு இது வேண்டாம். மூச்சு இழுத்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால் யோசிக்காமல் 999 அழையுங்கள்.

ஒன்றும் ஆகவில்லையா, இரண்டு மூன்று நாள் அதே அளவில் இருந்துவிட்டுக் கால் தேக்கரண்டி, அப்புறம் அரை, வார முடிவில் ஒரு தேக்கரண்டி. அதோடு நின்றால் போதும். அதிகாரபூர்வமான அளவு என்று ஒன்று கிடையாது, பொதுவாகப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறது இவ்வளவுதான். கூடச் சாப்பிட்டால் கூட நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை, வயிறுதான் உப்பும். கேஸ்ட்ரிக் உள்ளவர்கள் கண்டிப்பாக வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள், இது நல்ல புளிப்பு, பிஎச் 4ஐ ஒட்டி இருக்கும்.

எதோடு சாப்பிடுவது என்பது உங்கள் நாக்கைப் பொறுத்தது. தயிரில் கலந்து சாப்பிட்டால் புளிப்போடு புளிப்பு சேர்ந்து நன்றாகவே இருக்கும். பிசாங் மாஸ் வாழைப்பழத்தை மசித்து அதில் கலந்தால் கசப்பு தெரியாது, வயதானவர்களுக்கு இதுதான் எளிது. ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள் அது ஆறிய பிறகு மேலே தூவிக்கொள்ளுங்கள். கொதிக்கிற மைலோவிலும் தே தாரிக்கிலும் போட்டுக் கலக்காதீர்கள், உயிருள்ள பாக்டீரியா அந்தச் சூட்டில் செத்துவிடும், புளித்த உணவு என்று காசு கொடுத்து வாங்கியதில் பாதிப் பயன் அங்கேயே போய்விடும். இறக்குமதித் துண்டுகள் கெட்டியாக இருந்தால் வாயில் போட்டு நன்றாக மென்று விழுங்குங்கள், அப்படியே விழுங்கினால் அப்படியே வெளியே போகும்.

ஐந்தாம் படி: வைத்துக்கொள்வது

பினாங்கின் ஈரக்காற்றுதான் இதற்கு முதல் எதிரி. சமையல்மேடையில் திறந்து வைத்த பீ பிரெட் ஈரத்தை இழுத்துக்கொண்டு பூசணம் பிடித்துவிடும். கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, குளிர்பெட்டியின் உள்தட்டு. கதவுத்தட்டில் வைக்காதீர்கள், திறந்து திறந்து மூடுவதால் அங்கே சூடும் குளிரும் மாறிக்கொண்டே இருக்கும். எடுக்கிற கரண்டி காய்ந்திருக்க வேண்டும். வெளியே எடுத்த பாட்டிலை ரொம்ப நேரம் மேசையில் விட்டால் உள்பக்கம் வேர்க்கும், எடுத்த கையோடு மூடி உள்ளே வைத்துவிடுங்கள். ஈரப்பசையான கெலுலுட் பீ பிரெட்டைச் சிறு பாட்டில்களாகப் பிரித்து, உடனே தேவைப்படாததை உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். காயவைத்த துண்டு இன்னும் நாள் தாங்கும்.

பச்சையாகவோ வெள்ளையாகவோ பஞ்சுபோல ஏதாவது படிந்திருந்தால், புளிப்பு வாடைக்குப் பதிலாக மக்கிய வாடையோ சாராய வாடையோ அடித்தால், மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முழுப் பாட்டிலையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பூசணத்தின் நச்சு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நின்றுவிடாது. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று மனசு வராதுதான், எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கும், ஆனாலும் போட்டுவிடுங்கள்.

வேறு மாத்திரைகள் தினமும் சாப்பிடுகிறவர்கள், அடுத்த தடவை அரசாங்க மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு மருந்து எடுக்கப் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருக்கிற மருந்தாளரிடம் காட்டி, என் மருந்தோடு இது ஒத்துப்போகுமா என்று கேளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் டாக்டருக்கும் வசதி, ரத்தப் பரிசோதனையில் ஏதாவது மாறியிருந்தால் எதனால் என்று அவர் கேட்கும்போது யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.